இனியாவின் இமைகளும் குடல் சீர்திருத்தமும்

மனித குலத்தின் அறிவியல் வரலாறு எழுதப்படும்போது, நாமக்கல்லை அடுத்த எங்கள் ஊருக்கு அதில் தனி அத்தியாயம் ஒதுக்கியே ஆகவேண்டும். கண் சிமிட்டலுக்கு மூலகாரணம் குடல்தான் என்பதை நிரூபிக்க, என் மச்சான் அறிவழகன் சொந்த மகளையே அர்ப்பணித்தார். அந்த மாபெரும் ஆய்வுக்குச் செயலாளராக இருந்த பெருமை எனக்கு உண்டு. ஒரு தாய்மாமன் இதைவிட என்ன சீர் செய்துவிட முடியும்?

மச்சான் ஐம்பதாயிரம் முட்டைக் கோழிகளுக்கு அதிபர். மகள் இனியாவுக்கு எட்டு வயது. போன சித்திரையில் அவள் கண்ணைப் படபடவென்று சிமிட்டத் தொடங்கினாள். பிறகு தொண்டையைச் செருமினாள்; நடுநடுவே தோளும் குலுங்கியது. சேலத்தில் குழந்தைகளுக்கான நரம்பு மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். எடை பார்த்து, உயரம் பார்த்து, அரை மணி நேரம் பேசிவிட்டு அந்த அம்மாள் சொன்னார்:

"இதுக்கு டிக்ஸ்னு பேரு. வேணும்னு செய்யறதில்லை. வரும், போகும். பெரும்பாலும் வயசு ஏற ஏறக் குறைஞ்சிடும். சொல்லிக் காட்டாதீங்க, திட்டாதீங்க. நல்லாச் சாப்பிடட்டும், விளையாடட்டும். தொந்தரவு அதிகமானா கூட்டிட்டு வாங்க, பார்த்துக்கலாம்."

சீட்டில் ஒரு மருந்துகூட இல்லை. மச்சானுக்கு முகம் கறுத்துவிட்டது.

"ஏ மாப்ள, சேலம் வரைக்கும் வந்துபோட்டு வெறுங்கையோட போறதா? இந்தம்மா நெசமாவே படிச்சவங்கதானா?"

நிஜமாகவே படித்தவர் கைப்பேசியில் கிடைத்தார். 'குடல் வழிகாட்டி' அன்பரசு. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்றுக்கொண்டிருந்தவர். ஒன்பது நாள் ஆன்லைன் வகுப்பில் மனிதக் குடலைக் கரைத்துக் குடித்தவர். திரையில் இனியாவைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

"ஏனுங்க, வண்டி கரும்புகை தள்ளுச்சுன்னா டீசலைப் பார்க்கோணுமா, சைலன்சரைப் பார்க்கோணுமா? கண்ணு வெறும் சைலன்சருங்க. வயிறுதான் டேங்க். செரிக்காத சோறு நரம்புல போயி நிக்குதுங்க."

"அப்படீங்களா!" என்று மச்சான் கைப்பேசியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"செரிமான என்சைம் அனுப்பறனுங்க. வாயில எது போறதுன்னாலும் மொதல்ல ஒரு மாத்திரை. கூடவே ஒவ்வொரு சாப்பாடா நிறுத்திக்கிட்டே வாங்க. எதுல கண்ணு நிக்குதுன்னு பார்த்துப்புடலாம்."

அன்றே 'இமைக் கண்காணிப்புக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் மச்சான். செயலாளர் நான். என் அக்கா ரஞ்சனி 'சிறப்பு அழைப்பாளர்'. அதாவது சமைக்கலாம், பேசக்கூடாது. முட்டை உற்பத்திப் பதிவேட்டில் சில பக்கங்களை ஒதுக்கி, இனியா சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து எத்தனை தடவை சிமிட்டுகிறாள் என்று எண்ணினேன். நான் எண்ணுவதைப் பார்த்து அவள் இன்னும் அதிகமாகச் சிமிட்டினாள். அதையும் சேர்த்து எண்ணிக்கொண்டேன்.

பால் நிறுத்தப்பட்டது. சிமிட்டல் குறைந்தது. "என்சைம் வேலை செய்யுதுங்க!" என்றார் அன்பரசு. கோதுமை நிறுத்தப்பட்டது. சிமிட்டல் கூடியது. "நச்சு வெளியேறுதுங்க, ரொம்ப நல்லது!" என்றார். எந்தப் பக்கம் போனாலும் வெற்றியிலேயே முடிகிற சிகிச்சை உலகத்தில் அரிது. சேலத்து டாக்டரம்மாவும் 'வரும், போகும்' என்றுதான் சொன்னார். ஆனால் மாத்திரை தராமல் சொன்னார். அதில் என்ன மரியாதை இருக்கிறது?

ஆடியில் சர்க்கரை, வாழைப்பழம், நிலக்கடலை. ஆவணியில் முட்டை. முட்டைக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றிய கோழிப்பண்ணைக்காரர் வீடு நாமக்கல் வட்டாரத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

அக்கா ஒருநாள் வாயைத் திறந்தாள். "பாவாடை இடுப்புல நிக்க மாட்டேங்குதுங்க. புள்ள எளைச்சுப் போயிட்டா."

"சிறப்பு அழைப்பாளரின் கருத்து பதிவு செய்யப்பட்டது," என்றேன். பதிவு செய்யவில்லை.

அடுத்த வாரம் ஒரு 'விதிமீறல்' நடந்தது. பள்ளிக்கூடத்தில் தோழியின் டிபன் பாக்ஸிலிருந்து இனியா எதையோ எடுத்துத் தின்றுவிட்டாள். விசாரணை வீட்டுக் கூடத்தில் நடைபெற்றது.

"என்ன சாமி தின்ன?"

"அரை முட்டைங்கப்பா."

"ஏன் தின்ன?"

"பசிச்சுதுங்க."

"மொதல்ல மாத்திரை போட்டயா?"

"மாத்திரை ஊட்ல இருந்துச்சுங்க. பசி பள்ளிக்கூடத்துல வந்துருச்சுங்க."

'பசி' ஏற்கத்தக்க காரணம் அல்ல என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. அக்கா அடுப்படியில் இருந்ததால் ஒருமனது சுலபமாக அமைந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் பண்ணையில் இருந்தோம். இனியா தீவன மூட்டை மேல் உட்கார்ந்து, உப்பு மட்டும் போட்ட சாமைக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கதிர் என்கிற விற்பனைப் பிரதிநிதி ஒரு பொட்டலத்தோடு வந்தான்.

"தீவனத்துல கலக்கற புது என்சைமுங்க. கோழிக்குச் செரிமானம் அருமையா இருக்குமுங்க."

"யாரு சொன்னா?" என்றார் மச்சான்.

"வீடியோ இருக்குதுங்க, காட்டட்டுங்களா?"

மச்சான் கொதித்துவிட்டார். "வீடியோவைப் பார்த்துட்டு எங்கோழிக்குப் போடறதா? வாயில்லாத சீவனுங்க தம்பி அதுங்க! சோதனை ரிப்போர்ட் எங்க? கால்நடை டாக்டரு எழுதிக் குடுத்தாரா? அப்படியே போட்டாலும் மொதல்ல ஒரு ஷெட்டுக்குத்தான். ரெண்டாவது ஷெட்டுக்கு எப்பவும் போடற தீவனம், ஒரு பிடி கொறைக்க மாட்டேன். வாராவாரம் எடை போடுவேன். அம்பது கிராம் எளைச்சுதுன்னா அன்னைக்கே நிறுத்திப்புட்டு உங்க கம்பெனி மேல கேஸு போடுவேன், ஆமா!"

அறிவியல் மனப்பான்மை என்றால் அதுதான். எனக்குப் புல்லரித்துவிட்டது. அப்போது இனியா மூட்டையிலிருந்து இறங்கி வந்தாள். கண் சிமிட்டியது, தோள் குலுங்கியது. பழக்கதோஷத்தில் நான் எண்ணினேன்.

"அப்பா, அந்த ரெண்டாவது ஷெட்ல எடம் இருக்குதுங்களா?"

"எதுக்கு சாமி?"

"நானு அங்க இருந்துக்கறனுங்க."

கதிர் சிரிக்கப் போய், அவளைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். மச்சான் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் புரட்டினேன். ஐந்து மாதத்துச் சிமிட்டல்கள் ஒன்று விடாமல் இருந்தன; பிள்ளையின் எடை ஒருநாள்கூட இல்லை. மூட்டை நிறுக்கும் தராசில் அவளை ஏற்றி நிறுத்தினேன். சித்திரையில் டாக்டரம்மா எழுதிய எடை இருபத்துநான்கு கிலோ. தராசு பத்தொன்பது காட்டியது.

ஒரு கோழியை நாங்கள் இப்படி ஆக்கியிருந்தால் மச்சானே எங்கள் மேல் கேஸ் போட்டிருப்பார். பெற்ற பிள்ளையாகப் போனதால் தப்பித்துக்கொண்டோம்.