உப்புக் கிராணி வரைந்த இலை

மரத்தை மனிதனாகவும் மனிதனை மரமாகவும் பார்த்த ஆள் ஜொகூர் முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். அவர் எங்கள் தோட்டத்து உப்புக் கிராணி.

மலாயாவில் யோங் பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், நான் டிரெசர். காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது என் வேலை. அவர் உர ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் கிராணி, அதாவது குமாஸ்தா. மூட்டையில் வரும் சீமை உரம் எல்லாவற்றையும் சனங்கள் உப்பு என்றே சொன்னதால் அவர் உப்புக் கிராணி ஆனார். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

அவர் கணக்கில் உலகத்தில் மூன்றே வியாதிகள். இலை வெளுத்தால் தழைச்சத்து இல்லை, அமோனியா உப்பைப் போடு. வேர் ஓடாவிட்டால் மணிச்சத்து இல்லை, பாறைத்தூள் போடு. இலை ஓரம் கருகினால் சாம்பல் சத்து இல்லை, பொட்டாஷ் போடு. இதோடு நின்றிருந்தால் கெட்டிக்காரர் என்று விட்டிருப்பேன். மனிதர் என் ஆஸ்பத்திரி வாசலில் நின்று என் நோயாளிகளையும் பார்ப்பார்.

"என்னப்பா, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு? தழைச்சத்து பத்தல. டிரெசர் குடுக்கிற தண்ணியில அது கெடையாது."

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வளத்தி இருக்கு, வேர்ப்பிடிப்பு இல்ல. ரெண்டு வருசம் பொறுத்துக் கட்டிவைக்கலாம்" என்றார். பெண் வீட்டார் என்னிடம் ஓடிவந்து, அதற்கு மருந்து உண்டா என்று கேட்டார்கள். நான் படித்த படிப்புக்கு வந்த கேடு!

மூட்டையில் அச்சடித்த இங்கிலீஷை ஆட்களுக்குப் படிக்க வராது. அதனால் ஒவ்வொரு மூட்டையிலும் தாரைத் தொட்டுப் படம் போடுவார். அமோனியாவுக்கு இலை, பாறைத்தூளுக்கு வேர், பொட்டாஷுக்கு அடுப்பு. வரைந்து முடித்ததும் பின்னால் நகர்ந்து, ஒரு கண்ணை மூடி ரசிப்பார். அடுப்பு அடுப்பாகவே இருக்கும். இலைக்கும் வேருக்கும் உள்ள வித்தியாசம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். சொன்னால் மனிதர் வருத்தப்படுவார் என்று யாரும் சொல்லவில்லை. உரம் போடும்போது அவரே பக்கத்தில் நின்று மூட்டையை எடுத்துக் கொடுத்ததால் வம்பும் வரவில்லை.

ஒருமுறை அவருக்குக் காய்ச்சல் கண்டது. நாலாம் நாளே விட்டுவிட்டது. நான் விடவில்லை.

"இன்னும் ரெண்டு நாள் படுங்க கிராணி. ஒடம்புல சத்து பத்தல."

அதைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு குஷி தெரியுமா? இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த இரண்டு நாளில்தான் ரப்பர் நாற்றங்காலுக்கு உரம் போட உத்தரவானது. கன்றுக்கு அரை பால் டின் வேர் உப்பு, அதாவது பாறைத்தூள். வேலை வீரம்மாவுடையது. புருஷன் செத்து, இரண்டு பிள்ளைகளோடு தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தவள். அவள் எடுத்த மூட்டை இலை மூட்டை. அமோனியா, கன்றுக்கு ஒரு கரண்டியே அதிகம். மூன்றாம் நாள் நாற்றங்கால் முழுக்க வாடிக் கருகிவிட்டது.

மறுநாள் காலை பெரட்டில், எல்லாரையும் பேர் கூப்பிட்டு முடித்ததும், வீரம்மா பிள்ளைகளோடு அப்போதே தோட்டத்தைவிட்டுப் போகவேண்டும் என்றார் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை. அவளுக்குப் போக இடம் கிடையாது. அப்போது விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்து சேர்ந்தார் கிராணி.

"தொரை, அந்த மூட்டையில நான் போட்டிருக்கிறது எலை! கண்ணு தெரியாதவன்கூடச் சொல்லுவான்."

துரை மூட்டையைக் கொண்டுவரச் சொன்னார். "இது என்ன?" என்று ஆட்களைக் கேட்டார்.

"வெளக்கமாறுங்க."

"ஆட்டுத் தாடிங்க."

"அலமாக், எங்க மாமியா தலைமுடிங்க!"

துரை வீரம்மாவைப் பார்த்தார். அவள் கிராணியைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். "வேருன்னு நெனச்சேன் ஐயா. நீங்க தப்பா வரைய மாட்டீங்கன்னு நம்பிப் போட்டேன்."

கிராணி பின்னால் நகர்ந்து மூட்டையை வெகுநேரம் பார்த்தார். இந்தத் தடவை இரண்டு கண்ணும் திறந்திருந்தன.

"வேருதான் தொரை. அவ சரியாப் படிச்சிருக்கா. தப்பு என் கையில."

"நீ ஏன் அங்கே நிக்கலே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"காய்ச்சல் தொரை. எந்திரிக்கவே முடியல" என்றார்.

அது பச்சைப் பொய். எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த பொய்.

வீரம்மா தங்கினாள். தோட்டத்தைவிட்டுப் போகக் கிராணிக்கு ஒரு வாரம் கெடு. அந்த வாரம் முழுக்க அவரும் வீரம்மாவும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி உப்பை மண்ணுக்குள் இறக்கினார்கள். பாதிக் கன்றுகள் துளிர்த்தன. அதற்காக அவரை யாரும் இருக்கச் சொல்லவில்லை.

போகிற அன்று அவருடைய டிரங்குப் பெட்டியை நான்தான் ரோடுவரை சுமந்தேன்.

"கிராணி, காய்ச்சல் நாலாம் நாளே விட்டிருச்சு. நாந்தான் வேணும்னே ஒங்கள..."

"தெரியும்யா. எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"அவளுக்கு ரெண்டு புள்ள. இத்தனை சனத்துக்கு நீ ஒரு டிரெசர். போறதுக்கு லேசான ஆளு நான்தான?"

லாரி வந்தது. ஏறிக்கொண்டார். லாரி சாஆ ஊர்ப் பக்கம் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஏழு பேர் காத்திருந்தார்கள். நான் ரோட்டோரத்தில் உட்கார்ந்து நன்றாக அழுதுவிட்டுத்தான் போனேன்.