நிமிர்ந்த முதுகு

சட்டை மாட்டும் வரைக்கும் ஒன்றுமில்லை. செருப்பை எடுக்கக் குனிந்தபோதுதான், கடப்பாரை என்று எல்லாரும் கூப்பிடுகிற அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பாதி வளைந்தபடியே நின்றான்.

"ஏங்க, யாரைக் கும்பிடுறீங்க?" என்றாள் மனைவி.

"கும்பிடலடி. மாட்டிக்கிட்டேன்."

"அப்ப லீவு போட்டுட்டுப் படுங்க."

"இன்னைக்கா? கெட்டுது போ!"

அவன் ஒரு குடோனில் மூட்டை தூக்குகிறவன். அங்கே மேஸ்திரி இடம் காலி. மேஸ்திரி மூட்டை தூக்க வேண்டியதில்லை. கையை நீட்டி அடுத்தவனைத் தூக்கச் சொன்னால் போதும். ஆனால், தொழிலாளியின் உடம்புக்கும் வேலைக்கும் லீவுக்கும் என்ன சம்பந்தம் என்று ஆராய இன்று ஒரு மேடம் வருகிறார். அவர் யாருடைய உடம்பை மெச்சுகிறாரோ அவன்தான் மேஸ்திரி என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இடுப்புக்கு ஓய்வு வேண்டுமென்றால் இடுப்பு சரியாக இருப்பதாகக் காட்டியாக வேண்டும்.

காய் நறுக்கும் பலகையைச் சட்டைக்குள் அவன் முதுகில் வைத்து, பழைய போர்வையைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள் மனைவி.

"பலகையில விரிசல் இருக்கு, பாத்து. நான் எதுல காய் நறுக்குறது?"

"இன்னைக்கு முழுசாவே போட்டு வேக வை."

குடோனில் மேடம் நின்றபடியே குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். கடப்பாரை விறைப்பாகப் போய் எதிரே நின்றான். மேடத்தின் கையிலிருந்து பேனா நழுவியது. அவர் பேனாவைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"கொஞ்சம் எடுத்துத் தரீங்களா?"

சோதனை ஆரம்பித்துவிட்டது என்று கடப்பாரைக்குப் புரிந்தது. செருப்பைக் கழற்றி, கால்விரலால் பேனாவைக் கவ்வி, காலைப் பின்பக்கமாகத் தூக்கிக் கையில் வாங்கி நீட்டினான். இடுப்பில் யாரோ ஆணி அடித்தார்கள். சிரித்துச் சமாளித்தான்.

"அபாரம்! உக்காந்து பேசலாமே?"

பலகையோடு எங்கே உட்காருவது?

"வேலை நேரத்துல நான் உக்கார்றதில்ல மேடம்."

"நானும்தான்!" என்றார் மேடம், சட்டென்று.

மேனேஜருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அடுத்த நிமிடமே தொழிலாளிகள் உட்காரும் பெஞ்சைத் தூக்கி வெளியே போடச் சொன்னார்.

"டேய் கடப்பாரை! அந்த பெஞ்சு உன் சோத்துல மண்ணையாடா போட்டுச்சு?" என்று பின்னாலிருந்து கத்தினான் கூட்டாளி.

கடப்பாரை முழு உடம்போடு திரும்பினான்.

"ஏன் தலையை மட்டும் திருப்ப மாட்டேங்கிறீங்க?" என்றார் மேடம்.

"கூப்பிட்டவனுக்கு முழுசா மரியாதை குடுக்கணும் மேடம்."

"கேட்டீங்களாடா?" என்று மேனேஜர் சீறினார். "இனிமே எல்லாரும் இப்படித்தான் திரும்பணும்!"

குடோன் முழுக்க ஆட்கள் பீரோ மாதிரி திரும்பினார்கள். இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். ஒரு மூட்டை அவிழ்ந்து கொட்டியது.

"கடைசியா ஒண்ணு," என்றார் மேடம். "தரையில இருக்கிற இந்த மூட்டையைத் தூக்கிக் காட்டுங்க. அவ்வளவுதான்."

மேஸ்திரி வேலை அந்த மூட்டைக்கு அந்தப்பக்கம்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தான்.

படார்!

பாதிப் பலகை சட்டைக்குள்ளிருந்து கீழே விழுந்தது. அதில் பழைய கேரட் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது.

"என்னய்யா இது?" என்றார் மேனேஜர்.

"காய் நறுக்குற பலகை சார்."

"இடுப்பு ஒடிஞ்சதை மறைச்சுக்கிட்டு ஏமாத்தறியா? நீயெல்லாம் மேஸ்திரியா? மேடம், இந்த மாதிரி ஆளை என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்க!"

மேடத்தின் முகம் வெளுத்திருந்தது. பேனா மறுபடி கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

அப்போது குடோன் பெருக்கும் அக்கா, சத்தம் கேட்டு விளக்குமாறும் கையுமாக ஓடி வந்தாள். கடப்பாரையைத் தாண்டி நேராக மேடத்திடம் போனாள்.

"ஒடைஞ்சது உங்க பலகையோன்னு பதறிட்டேன் மேடம்! காலையில பாத்ரூம்ல கட்டிவிடும்போதே தலைபாடா அடிச்சுக்கிட்டேன், லீவு போடுங்கன்னு. லீவு போட்டா வேலை போயிடும்னு நீங்கதான் கேக்கல!"