ஒரு ‘வாங்க’வுக்காக நடந்த போர்

கடலுக்கு அந்தப் பக்கம் பழங்கரை என்றொரு பேரரசு இருந்தது. இந்தப் பக்கம் புதுக்கரை என்றொரு நாடு இருந்தது. புதுக்கரை பழங்கரை பெற்ற பிள்ளைதான். தோளுக்கு மேல் வளர்ந்ததும் தாயோடு சண்டை போட்டுப் பாகம் பிரித்துக்கொண்டு தனிக்குடித்தனம் வந்துவிட்டது. கொடி வந்தது, முத்திரை வந்தது, எழுந்து நின்று பாட ஒரு பாட்டும் வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை. பழங்கரை அரசரின் ஓலைகள் புதுக்கரையை இன்னமும் ‘நீ’ என்றே விளித்தன. புதுக்கரைத் தூதர் அங்கே போனால் வாயில்காப்போன்கூட ‘வா’ என்றான். ‘வாங்க’ என்று ஒருவனும் சொன்னதில்லை.

நாட்டில் மற்றவர்கள் இதைப் பொறுத்துக்கொண்டார்கள். துறைமுகத் தலைவர் வைரவநாதரால் முடியவில்லை. அவர் குடும்பம் அப்படிப்பட்டது. அந்த வீட்டில் கன்றுக்குட்டியைக்கூட ‘வாங்க’ என்றுதான் தொழுவத்துக்கு அழைப்பார்கள். அமாவாசையன்று காக்கைக்குச் சோறு வைத்தால் ‘எழுந்தருளுங்கள்’ என்பார் வைரவநாதர், முன்னோர் அல்லவா? ஒரே மகன் கச்சியப்பன் தொட்டிலில் கிடந்து அழுத நாளிலேயே, ‘தூங்குங்கள்’ என்று அவனை அதட்டியவர் அவர்.

பழங்கரை எந்நேரமும் யாருடனாவது போரில் இருந்ததால் அதற்கு மாலுமிகள் போதவில்லை. எனவே அதன் போர்க்கப்பல்கள் புதுக்கரைக் கப்பல்களை நடுக்கடலில் மறித்து, ‘எங்கள் ஆட்கள் உங்களிடம் ஒளிந்திருக்கிறார்கள்’ என்று தேடத் தொடங்கின. இரு நாட்டாருக்கும் ஒரே நிறம், ஒரே மொழி. எப்படிக் கண்டுபிடிப்பது? பழங்கரைத் தளபதிகள் ஒரு வழி கண்டார்கள். எல்லாரையும் முதுகு காட்டி நிற்க வைத்து, பின்னாலிருந்து ‘டேய்!’ என்பார்கள். திரும்பியவன் பழங்கரைக்காரன். உரிமை உள்ளவன் கூப்பிட்டால்தானே ஒருவன் திரும்புவான் என்பது அவர்கள் வாதம். அதில் குறை சொல்வது எளிதாக இல்லை.

கச்சியப்பன் திரும்பிவிட்டான்.

மகன் பிடிபட்ட செய்தி வைரவநாதரைச் சுட்டது. அவன் திரும்பினான் என்ற செய்தி அதைவிடச் சுட்டது. அடுக்களை வாசலில் வந்து நின்று மனைவி உலகம்மையிடம் கேட்டார்.

“நம்ம வீட்டுல அந்தச் சொல்லை யாரும் சொன்னதே கிடையாதே. அவர் எப்படித் திரும்பினார்?”

உலகம்மை குழம்புச் சட்டிக்குள் எதையோ தேடினாள். “காது இருக்குல்ல? திரும்பிட்டான்.”

மறுநாள் அவைக்குப் போன வைரவநாதர், பாட்டன் காலத்திலிருந்து வந்த சிவப்புக்கரைத் தலைப்பாகையை எல்லார் முன்பும் அவிழ்த்தார். “என் மகன் வீடு வந்து சேர வேண்டும். வேற்று நாட்டார் ஒருவர் வாய் திறந்து என்னை ‘வாங்க’ என்று சொல்ல வேண்டும். அதுவரை இதைக் கட்ட மாட்டேன்” என்றார். அவை கண் கலங்கியது. அமைச்சர் அளகேசர் எழுந்து, “இன்று முதல் நாடே வெறுந்தலையோடு இருப்பதாக அரசு கருதும்” என்று அறிவித்தார். அவர் தம் தலைப்பாகையைக் கழற்றவில்லை. கருதினார், அவ்வளவுதான்.

முதல் ஆணை பிறந்தது. புதுக்கரையில் யாரும் ‘டேய்’ என்ற சொல்லுக்குத் திரும்பக் கூடாது. மக்கள் ஆணைக்கு அடங்கினார்கள். ‘டேய், மாடு வருது!’ என்று நண்பன் கத்தினாலும் நிமிர்ந்து நடந்தார்கள். முட்டுப்பட்டவர்களுக்கு அரசு மருத்துவம் செய்தது. திரும்பிப் பார்த்துத் தப்பியவர்களுக்குத் தண்டம் விதித்தது.

கடலில் ஆட்கள் பிடிபடுவது நிற்கவில்லை. அளகேசர் ஆழ்ந்து யோசித்தார்.

“நம் கப்பல் கடலுக்குப் போவதால்தானே பிடிக்கிறான்? இனி எந்தக் கப்பலும் போகக் கூடாது. நம் பஞ்சு இல்லாமல் பழங்கரையான் துணியில்லாமல் நிற்பான். ‘வாங்க’ என்று கெஞ்சிக்கொண்டு ஓடி வருவான்.”

வைரவநாதர் தம் கையாலேயே துறைமுக வாயிலுக்குச் சங்கிலி போட்டார். பாய்மரங்களில் காக்கைகள் கூடு கட்டின. கிடங்கில் இருந்த பஞ்சில் எலிகள் பிள்ளைபெற்றன. மாலுமிகள் கோயில் வாசலில் வரிசையில் உட்கார்ந்தார்கள். பழங்கரையில் மக்கள் போன ஆண்டுத் துணியையே துவைத்துக் கட்டிக்கொண்டார்கள் என்று கேள்வி.

அன்று வெறும் கஞ்சியை வைத்துவிட்டு உலகம்மை கேட்டாள். “எதிரி வயித்தக் காயப்போடணும்னு நம்ம அடுப்புல தண்ணிய ஊத்துறீங்களே, இது எந்த ஊரு நியாயம்?”

“மானம் பெரிசு.”

“பெரிசுதான். அதுல கொஞ்சம் உப்புப் போட்டுக் கொண்டாங்க, கஞ்சிக்குத் தொட்டுக்கலாம்.”

அவர் கஞ்சியை மட்டும் மரியாதையாகக் குடித்தார்.

பட்டினி முற்றியதும் அவையில் இளரத்தம் கொதித்தது. போர் அறிவிக்கப்பட்டது. இனி யாரையும் ‘டேய்’ என்று அழைக்க மாட்டோம் என்று பழங்கரை அரசர் அதற்குச் சற்று முன்புதான் ஆணையிட்டிருந்தார். அந்த ஓலை கப்பலில் ஏறி, காற்றில்லாமல் நடுக்கடலில் நின்றுகொண்டிருந்தது. பழங்கரைப் படை அதை முந்திக்கொண்டு வந்து தலைநகருக்குள் புகுந்தது. அவையோர் இலை போட்டுப் பரிமாறி வைத்திருந்த விருந்தை அப்படியே விட்டு ஓடியிருந்தார்கள். வந்த படை உட்கார்ந்து சாப்பிட்டது. பாயசத்தில் இனிப்புக் குறைவு என்று சொல்லிவிட்டு மண்டபத்துக்குத் தீ வைத்தது. மண்டபம் எரிந்ததை மன்னித்த புதுக்கரையார் பாயசத்தைப் பற்றிச் சொன்னதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

கடைசியில் இரு தரப்பும் களைத்துப்போய் உடன்படிக்கை எழுதின. ‘போருக்கு முன் எது எப்படி இருந்ததோ அது அப்படியே இருக்கும்’ என்பது அதன் சாரம். மரியாதை பற்றி அதில் ஓர் எழுத்தும் இல்லை. உடன்படிக்கையைச் சுமந்த கப்பலும் தாமதமாகத்தான் வந்தது. அதற்குள் தெற்கு முகத்துவாரத்தில் புதுக்கரைப் படை ஒரு பெரிய வெற்றி பெற்றுவிட்டது. முடிந்துபோன போரில் கிடைத்த வெற்றி என்றாலும் வெற்றி வெற்றிதானே? நாடு வெடி வெடித்துக் கொண்டாடியது.

அந்தச் சத்தத்துக்கு நடுவே கச்சியப்பன் வீடு வந்து சேர்ந்தான். கன்னம் ஒட்டி, முதுகில் தழும்போடு, தெருவைப் பார்த்தபடி வாசலில் நின்றான்.

“டேய், வந்துட்டியாடா!” என்று உலகம்மை ஓடினாள். அவன் சட்டெனத் திரும்பினான். வைரவநாதருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அந்த வீட்டின் அடுக்களையில் இத்தனை காலமும் வேறொரு மொழி வழங்கி வந்திருக்கிறது.

“அம்மா கூப்பிடற மாதிரி இருந்துச்சுப்பா. அதான் கப்பல்ல திரும்பிட்டேன்” என்றான் கச்சியப்பன். “டேய்னு கூப்பிட்டதுகூட அவ்வளவா வலிக்கல. கூலி கொடுக்காததுதான் வலிச்சது.”

வைரவநாதர் மகனின் தழும்பைத் தடவினார். “சாப்பிடுங்க” என்றார். சபதத்தில் பாதி தீர்ந்தது. தலைப்பாகை பெட்டியிலேயே இருந்தது.

போரில் வென்றதாக நம்பிய புதுக்கரை உலகத்துக்கு ஓர் அறிக்கை விட்டது. ‘கடலுக்கு இந்தப் பக்கத்தில் எவரையும் இனிப் பழங்கரையார் டேய் என்று அழைக்கக் கூடாது.’ அக்கம்பக்கத்து நாடுகள் மகிழ்ந்து மாலை அனுப்பின. அறிக்கையின் அடுத்த வரியை யாரும் ஊன்றிப் படிக்கவில்லை. ‘அழைக்கும் தேவை ஏற்பட்டால் நாமே அழைத்துக்கொள்வோம்’ என்றிருந்தது அது.

புதுக்கரையின் மேற்கு எல்லையில் ஒரு பேராறு ஓடியது. அளகேசர் அவையில் எழுந்தார்.

“இக்கரைக்கு அக்கரை பச்சை என்று முன்னோர் சொல்லியிருக்கிறார்கள். முன்னோர் வாக்கை மதிக்கும் அரசு இது. அங்கே போவோம்.”

“போய்விட்டால் அது இக்கரை ஆகிவிடுமே?” என்றார் வைரவநாதர்.

“ஆகட்டும். அதற்கும் ஓர் அக்கரை இருக்கும்.”

“அங்கே குடியிருப்பவர்கள்?”

“நாம் என்ன கொள்ளைக்காரர்களா? உரியவர் வாயால் ஒப்புக்கொண்டால் விலைக்கே எடுப்போம். பொய் சொல்லாத சாட்சி ஒருவர் வேண்டும். நீர் வாரும். அக்கரையார் வாய்நிறைய மரியாதை பேசுபவர்களாம். உமது சபதமும் தீரலாம்.”

பெட்டி திறந்தது. தலைப்பாகையை மடியில் வைத்துக்கொண்டு வைரவநாதர் படகில் அமர்ந்தார். கச்சியப்பன் துடுப்புப் போட்டான். அமைச்சரோடு கொடி பிடிப்பவனும், நில அளவைச் சங்கிலி ஏந்தியவனும் வந்தார்கள்.

அக்கரையில் ஒரு மருதமரத்தடியில் அந்த ஊர்த் தலைவி பூவாத்தாள் நின்றிருந்தாள். வெறுந்தலையோடு வெயிலில் வரும் முதியவரைக் கண்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னே வந்தாள்.

“வாங்க, வாங்க! எல்லாரும் வாங்க. மோர் கரைச்சு வச்சிருக்கறனுங்க.”

வைரவநாதர் படகிலேயே எழுந்து நின்றுவிட்டார். போர் நடத்தியும் கிடைக்காத சொல். நாட்டைப் பட்டினி போட்டும் வராத சொல். கேட்காமலே வந்து காதில் விழுந்தது.

“என்ன சொன்னீர்கள், அம்மா? இன்னொரு தரம் சொல்லுங்கள்.”

“வாங்கன்னு சொன்னனுங்க ஐயா.”

அவர் தலைப்பாகையைப் பிரித்துக் கட்டத் தொடங்கினார். கடைசி மடிப்பைக் கச்சியப்பன் செருகிவிட்டான். அப்போது பின்னால் அளகேசர் தொண்டையைச் செருமினார்.

“எல்லாரும் கேட்டீர்கள் அல்லவா? வாங்கச் சொல்கிறாள். நம் சாட்சி திரும்பக் கேட்டும் உறுதி செய்துகொண்டார். சங்கிலியைப் பிடியுங்கள்!”

கொடி ஊன்றப்பட்டது. பூவாத்தாள் திகைத்தாள். “ஐயோ, நான் வரத்தானுங்க சொன்னேன்!”

“சொல்வது உன் வேலை. பொருள் சொல்வது அரசின் வேலை” என்றார் அளகேசர்.

“அமைச்சரே, நான் சாட்சி” என்றார் வைரவநாதர். “அது வரச் சொன்ன ‘வாங்க’.”

“அப்படியா? மெத்த மகிழ்ச்சி. அப்படியானால் நாம் விருந்தாளிகள். எப்போது போக வேண்டும் என்று சொன்னாளா?”

“இல்லை.”

“பிறகென்ன? இருப்போம்.”

கச்சியப்பன் துடுப்பைக் கீழே போட்டான். “அப்பா, அந்தக் கப்பல்லயும் இப்படித்தான். திரும்பினா எங்க ஆளுன்னு பிடிச்சாங்க. திரும்பலன்னா திமிருன்னு பிடிச்சாங்க.”

வைரவநாதர் தலைப்பாகையை அவிழ்த்தார். நரைத்த தலை வெயிலில் பளபளத்தது. பூவாத்தாளுக்கு நிலத்தைவிட அது பெரிதாகப்பட்டது போலும்.

“பெரியவங்க வெயில்ல நிக்கறீங்களே. நெழலுக்கு வாங்க ஐயா.”

“குறித்துக்கொள்!” என்று அப்பாலிருந்து அளகேசரின் குரல் கேட்டது. “நிழலையும் வாங்கச் சொல்கிறாள். மரங்களும் சேர்த்தி!”

சங்கிலி மருதமரத்தைச் சுற்றிக்கொண்டு போனது. வைரவநாதர் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கைகூப்பினார். பேரரசின் தளபதிகள் முன்பும் வளையாத முதுகு அது.

“தாயே, உங்களைக் கும்பிடுகிறேன். என்னை அப்படி அழைக்காதீர்கள். ‘வா’ என்று சொல்லுங்கள், போதும். ‘வாடா’ என்றாலும் வருகிறேன்.”

பூவாத்தாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அதெப்படிங்க ஐயா? அப்படியா எங்கள வளத்திருக்காங்க? மொதல்ல நீங்க ஊட்டுக்குள்ள வாங்க.”

சங்கிலி சலசலத்தபடி அவள் வீட்டை நோக்கித் திரும்பியது.