பெண் பார்க்க வந்தவர்களும் என் ஆங்கிலப் புல்தரையும்

அந்த வாரம் என் மனைவி சிவகாமி என்னிடம் ஒப்படைத்த வேலை மிகச் சிறியது. வீட்டு வாசலைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். அவ்வளவே.

ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மரகதத்தைப் பெண் பார்க்கக் கிள்ளானிலிருந்து வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை அவ்வூர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு மருந்திட்டுக் கட்டுப்போடும் டிரஸ்ஸர். அவருடைய புகைப்படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரும்படி மரகதத்திடம் கொடுத்திருந்தோம். அவள் தரவில்லை. கேட்டதற்கு, "எங்கே வெச்சேன்னு தெரியலையே" என்றாள். முன்பு வந்த இடங்கள் கைநழுவிப் போயிருந்தன. தாய் தந்தையற்ற பெண்ணுக்கு இதுவாவது கூடிவர வேண்டுமே என்பது என் கவலை.

அப்பொழுது நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எனக்கு ஸ்டோரில் கிராணி, அதாவது குமாஸ்தா, உத்தியோகம். அந்த வரிசை முழுவதுமே கிராணிமார் வீடுகள்தாம். ஒரே அச்சில் வார்த்தவை போன்ற வீடுகள். ஒரே மாதிரி செம்மண் முற்றம். காலையில் ஒரே மாதிரி கோலம்.

இந்த ஒரே மாதிரிதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பள்ளிப் படிப்பு எனக்குக் குறைவாயினும், சொந்த முயற்சியால் மூன்று மொழிகளை வாசிக்கக் கற்றவன் நான். இல்லத் தோட்டக் கலையின் பல்வேறு முறைகளைப் படங்களுடன் விளக்கும் ஒரு புத்தகம் அப்போது என் கையில் அகப்பட்டிருந்தது. வருகிறவர் ஆஸ்பத்திரி உத்தியோகஸ்தர். அவர் கண்ணுக்கு நாகரிகமான முற்றம் வேண்டாமா?

முதலில் பிரெஞ்சு முறையைக் கையாண்டேன். செடிகளை உருவங்களாகக் கத்தரிப்பது அதன் சிறப்பு. வேலியோரச் செம்பருத்தியை மயிலாகக் கத்தரித்தேன். பக்கத்து வீட்டுக் கிராணி கோவிந்தன் அதை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"எருமை நல்லா வந்திருக்கு. ஒத்தக் கொம்போட நிக்குதே, அதை மட்டும் எடுத்துடுங்க" என்றார்.

அவர் கொம்பு என்றது மயிலின் கொண்டையை. செடியை அடியோடு வெட்டிவிட்டேன்.

அடுத்தது ஜப்பானிய முறை. குட்டையும், அதன்மேல் சிறு பாலமும். குட்டை வெட்டிய மறுநாளே, கொசு மருந்து அடிக்கும் ஆள் ஒருவர் வந்து, யாரையும் கேளாமல் அதில் எண்ணெயை ஊற்றிவிட்டுப் போனார். தாமரை பூக்க வேண்டிய இடத்தில் எண்ணெய் மினுங்கிற்று. குட்டையைத் தூர்த்தேன்.

எஞ்சியது ஆங்கில முறை. அதில் தவறு நேர வழியே இல்லை. வெறும் புல்.

சீனத் தோட்டக்காரர் ஒருவர், மண்ணோடு பெயர்த்த புல்லைப் பாய்போலச் சுருட்டி மாட்டு வண்டியில் கொண்டுவந்தார். முற்றம் முழுவதும் விரித்தோம். குன்றின்மேல் துரைமார் பங்களாவில் காணும் பச்சை என் வாசலுக்கும் வந்துவிட்டது.

சிவகாமி கதவருகே நின்று பார்த்தாள்.

"கோலம் எங்கே போடறது?"

"ஆங்கில முறையில் கோலம் கிடையாது."

"ஆங்கிலேயனா பொண்ணு பாக்க வரான்?"

இத்தகைய கேள்விகளுக்கு விடை கூறிக்கொண்டிருந்தால் கலை வளராது.

புல் வேர்பிடிக்கும்வரை யாரும் மிதிக்கலாகாது. ஆகையால் வாசற்கதவையும், குப்பை எதுவும் விழாதிருக்க ஜன்னல்களையும் சாத்தி, எல்லாரும் பின்சந்து வழியாகவே நடமாட வேண்டும் என்று உத்தரவிட்டேன். முற்றத்தைச் சுற்றிக் கயிறு கட்டினேன். எறும்பு வராதிருக்க ஓரமெங்கும் சுண்ணாம்புத் தூளைக் கோடாக இட்டேன். பொதுப் பூங்காவில் பார்த்ததுபோல, புல்லை விட்டு விலகி நிற்கும்படி ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்புப் பலகையும் எழுதினேன். பலகை சிறியதாகையால் "விலகி நில்" என்ற பகுதி மட்டுமே அதில் அடங்கியது. புல் என்னும் சொல்லுக்கு இடமில்லை. பார்ப்பவர் கண்ணுக்குத்தான் புல் தெரிகிறதே, எழுதுவானேன் என்று விட்டுவிட்டேன்.

விருந்தினர் கயிற்றுக்கு வெளியே நின்று முதலில் புல்லை ரசிப்பது, பிறகு அவர்களைப் பின்சந்து வழியாக உள்ளே அழைத்துச் செல்வது என்பது என் திட்டம். பின்சந்தில் என்னென்ன கக்கூஸ் வாளிகள் காத்திருக்கும் என்பதை அந்தக் காலத்துப் பட்டணவாசிகள் அறிவார்கள். நான் அதைச் சிந்திக்கவில்லை.

ரயிலில்தான் வருவார்கள் என்று எண்ணி, ஞாயிறு காலை கோட்டு அணிந்து ஸ்டேஷனுக்குச் சென்றேன். கிள்ளான் ரயில் வந்தது. யார் யாரோ இறங்கினார்கள். என் விருந்தினர் இறங்கவில்லை. அடுத்த ரயிலுக்கும் நின்று பார்த்தேன். அதிலும் இல்லை. இந்த இடமும் போயிற்று என்று எண்ணிக்கொண்டு, தலையைத் தொங்கவிட்டபடி பின்சந்து வழியாக வீட்டுக்குள் நுழைந்தேன்.

"வரலையா?" என்றாள் சிவகாமி.

"வரவில்லை."

மரகதம் காதில் இருந்த தோட்டைக் கழற்றத் தொடங்கினாள்.

"வாசல்ல ஒரு மோட்டார் சத்தம் கேட்டுச்சு. கதவைத் திறக்கக் கூடாதுன்னு உங்க உத்தரவு. நான் திறக்கலை" என்றாள் சிவகாமி.

அப்பொழுது, எங்கள் வீட்டுக்கும் கோவிந்தன் வீட்டுக்கும் பொதுவான சுவருக்கு அப்பாலிருந்து, கேட்டறியாத ஓர் அம்மாளின் குரல் வந்தது.

"பொண்ணுக்கு என்ன வயசு?"

கோவிந்தன் குரல் பெருமிதத்துடன் பதில் சொல்லிற்று. "வர்ற தையில எட்டு முடியுதும்மா."



நான் பின்சந்தில் இறங்கி ஓடினேன். கோவிந்தன் வீட்டுக் கூடத்தில் மாப்பிள்ளை, அவருடைய தாயார், தாய்மாமன் மூவரும் காப்பியும் கையுமாக அமர்ந்திருந்தனர். எதிரே கோவிந்தனின் மகள், முன்பல் இரண்டும் விழுந்த வாயால், ஏழாம் வாய்ப்பாட்டை ராகத்தோடு பாடிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்திருந்தது.

"இந்தப் பச்சப் புள்ளையக் காட்டவா எங்களைக் கிள்ளான்லேருந்து வரச் சொன்னீங்க?" என்றார் தாயார்.

"நான் எங்கேம்மா வரச் சொன்னேன்? கிராணி வீடான்னு கேட்டீங்க. ஆமான்னேன். வாங்கன்னேன். வெயில்ல வந்தவங்களை நீங்க யாருன்னு கேக்கிறது மரியாதையா?"

"பொண்ணைக் கூப்பிடுங்கன்னு கேட்டேனே."

"கூப்பிட்டேன். எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்."

நான் கைகூப்பினேன். "அம்மா, மன்னிக்க வேண்டும். பெண் வீடு பக்கத்து வீடு."

தாய்மாமன் காப்பியைக் கீழே வைத்தார். "எது, அந்தப் பூட்டிக் கெடக்கிற வீடா?"

"அது அம்மை கண்ட வீடு இல்லையா?" என்றார் டிரஸ்ஸர்.

"அம்மையா?"

"சுண்ணாம்பு போட்டிருக்கு. கயிறு கட்டியிருக்கு. கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கு. விலகி நில்லுன்னு போர்டு வேற. எங்க வார்டு வாசல்லகூட இவ்வளவு தெளிவா எழுதறதில்லைங்க. அம்மாவை மூக்கைப் பொத்திக்கச் சொல்லித்தான் தாண்டிக் கூட்டிட்டு வந்தேன்."

"அது நோயன்று. என்னுடைய தோட்டம்" என்றேன். "ஆங்கில முறை."

தாயார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, வாசல்ல புல்லு மொளைச்சுக் கெடக்கு. ஒரு கோலம் இல்லை. நொடிச்சுப் போன வீடுன்னுல்ல நெனைச்சேன்."

"முளைக்கவில்லை, அம்மா. நான்தான் வாங்கிப் போட்டேன்."

"புல்லை வாங்குனீங்களா?"

"ஆமாம்."

"மாடு வெச்சிருக்கீங்களா?"

"இல்லை."

அவர் தம் தமையனார் பக்கம் திரும்பினார். "அண்ணே, கிளம்பலாம்."

மூன்று மொழிகளிலும் எனக்கு ஒரு சொல் வரவில்லை. டிரஸ்ஸர்தான் பேசினார்.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு. பொண்ணைப் பாக்காம போறதாம்மா?"

"புல்லு மண்டுன வாசல்ல மிதிச்சு நான் நல்ல காரியத்துக்குப் போகமாட்டேன்."

"பின்பக்கமாகப் போகலாம்" என்றேன் நான்.

"இன்னிக்கு இன்னும் வாளி எடுக்கலீங்க" என்றார் கோவிந்தன், உதவி செய்வதாக எண்ணிக்கொண்டு.

எல்லாரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். தாய்மாமன் மோட்டாரின் கதவைத் திறந்தார்.

அதே சமயம் என் வீட்டு வாசற்கதவும் திறந்தது. மரகதம் பட்டுப்புடவையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். பூனைகூட மிதிக்காமல் நான் காத்த புல்லின்மேல் நேராக நடந்துவந்தாள்.

"அண்ணே, அந்த முனையைப் பிடிங்க. சுருட்டிடலாம்."

"மரகதம், அது இன்னும் வேர் பிடிக்கவில்லை."

"அதான் நல்லதாப் போச்சு."

எனக்குக் கை எழவில்லை. அவள் தனியாகவே குனிந்து சுருட்ட ஆரம்பித்தாள். கனம் தாங்காமல் சுருள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டிரஸ்ஸர் கோட்டைக் கழற்றித் தாய்மாமன் கையில் கொடுத்துவிட்டு, கயிற்றைத் தாண்டி உள்ளே போனார்.

"மடிக்கலாமா?"

"மடிச்சா ஒடிஞ்சுடும். சுருட்டுங்க."

"இப்படியா?"

"இன்னும் இறுக்கி."

அவர்கள் இருவரும் முதன்முதலாகப் பேசிக்கொண்ட வார்த்தைகள் இவைதாம். வரிசை முழுவதும் கதவைத் திறந்துகொண்டு வேடிக்கை பார்த்தது. ஆங்கில முறை சுருள் சுருளாக வேலியோரத்தில் அடுக்கப்பட்டது. அடியிலிருந்த செம்மண் வெளிப்பட வெளிப்பட, சிவகாமி தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தாள். தெளித்த கையோடு கோலமும் இட்டாள். கடைசிச் சுருளைத் தூக்கும்போது டிரஸ்ஸரின் நெற்றியில் மண் அப்பியிருந்தது. மரகதம் சிரித்துவிட்டு, பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்தவளாக, தலையைக் குனிந்துகொண்டாள்.

தாயார் இவ்வளவையும் மோட்டாரின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கோலத்தை மிதிக்காமல் ஓரமாக வந்து, வலதுகாலை எடுத்து வைத்து உள்ளே நுழைந்தார்.

"பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்றார் உட்கார்ந்ததும். "ஒரு வாசலைச் சரி பண்ணத் தெரிஞ்சிருக்கு."

டிரஸ்ஸரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டே, முகூர்த்தம் எந்த மாதம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

தாம்பூலம் மாற்றியாயிற்று. மகிழ்ச்சி மிகுதியால் எனக்கு இழந்த சொற்களெல்லாம் திரும்பி வந்தன. "கல்யாணப் பந்தலின் அலங்காரப் பொறுப்பை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள், அம்மா. இத்தாலியர்களின் முறை என்று ஒன்று உண்டு" என்று தொடங்கினேன்.

அந்த அம்மாள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"தம்பி, நீங்க பந்திக்கு வாங்க. அது போதும்."