சம்பந்தியம்மாவும் நானும் வாங்கிய மெடல்

என் வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே மெடல், நான் பேர் கொடுக்காத நடைப் பந்தயத்தில், ஆம்புலன்ஸில் வந்து இறங்கி வாங்கியது. பத்தாவது வரை படித்தவள் நான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா வந்தால் கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். ஓடத் தெரியாமல் இல்லை. ஓடினால் நாலு பேர் பார்ப்பார்களே!

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிப் போகும் கிரிவலப் பாதை ஓரமாக, அடி அண்ணாமலையில், நானும் என் வீட்டுக்காரரும் டிபன் கடை வைத்திருக்கிறோம். அவர் கல்லாவில், நான் அடுப்புப் பக்கம். பௌர்ணமிக்கு நடந்து வருகிறவர்கள் யாராவது எட்டிப் பார்த்து, "இட்லி பஞ்சு மாதிரி இருக்குதும்மா" என்றால்கூட, வெந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி இட்லிப் பானைக்குள் முகத்தை விட்டுக்கொள்வேன். (முகம்தான் வெந்திருக்கும்.)

இப்படிப்பட்ட என்னை, பங்குனி மாதத்தில் ஒரு வாரம் சென்னைக்கு வரச் சொன்னாள் என் மகள் நித்யா. காரணம் என் சம்பந்தியம்மா.

நித்யா தன்னோடு வேலை பார்க்கும் பிரவீனைக் கட்டிக்கொண்டவள். பிரவீனின் அம்மா பெரிய ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம். கஞ்சி போட்ட காட்டன் புடவையில் ஒரு மடிப்பு கலைந்து நான் பார்த்ததில்லை. கல்யாணத்தன்று அவர் என்னிடம், "சாப்டீங்களா?" என்று கேட்டார். நான், "ம்" என்றேன். ஒரு வருஷமாக எங்கள் உறவு அந்த இடத்திலேயே நின்றிருந்தது.

இந்த நேரத்தில்தான் நித்யா முழுகாமல் இருந்தாள். வளைகாப்பை எங்கே வைப்பது என்று பேச வேண்டும். எனக்கு எங்கள் ஊரில் வைக்க ஆசை. அந்தக் கஞ்சிப் புடவையிடம் அதை யார் சொல்வது?

"அவங்க என்னடான்னா, உங்கம்மாவுக்கு எங்களப் புடிக்கலையாங்கறாங்க. நீ என்னடான்னா, அவங்களுக்கு நம்மளப் புடிக்கலையாங்கற. நடுவுல நான் என்ன போஸ்ட்மேனா?" என்று போனில் கத்தினாள் நித்யா. "ஒரு வாரம் வா. ரெண்டு பேரும் ஊரச் சுத்திப் பாருங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள பேசி முடிக்கல, வளைகாப்ப நான் ஆபீஸ் கேன்டீன்ல வெச்சிக்கறேன்."

போனேன். சென்னையில் ஒரு வாரத்தில் பார்க்க வேண்டியதை எல்லாம் நாங்கள் பார்த்தோம். எதையும் பேசவில்லை.

முதலில் மியூசியம். அங்கே ஐம்பொன் நடராஜரைக் கண்டதும் நான் பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சம்பந்தியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவரும் கழற்றினார். எங்களுக்குப் பின்னால் வந்த வடநாட்டுக் குடும்பமும் கழற்றியது. காவலாளி ஓடி வந்து, "அம்மா, இது கோயில் இல்லம்மா, செருப்பப் போடுங்கம்மா" என்று கெஞ்சினார்.

மறுநாள் ஒரு பெரிய மால். நகரும் படிக்கட்டின் முன்னால் நின்று, "நீங்க ஏறுங்க", "பரவால்ல, நீங்க ஏறுங்க" என்று நாங்கள் உபசரித்துக்கொண்டதில், பின்னால் தேர் நிலைக்கு வந்த மாதிரி கூட்டம் கூடிவிட்டது. மேலே போய்ச் சாப்பிட உட்கார்ந்தோம். அவர் ஏதோ சூப் சொன்னார். நானும் அதையே சொன்னேன். அதில் காளான் மாதிரி ஒன்று மிதந்தது. இருவரும் ஒரு சொட்டு விடாமல் குடித்தோம். மெட்ரோ ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து, கண் சந்திக்கும்போதெல்லாம் சிரித்துச் சிரித்து எனக்குத் தாடை வலித்தது.

"பேசினீங்களா?" என்று தினமும் ராத்திரி நித்யா கேட்பாள்.

"சிரிச்சோம்டி" என்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. விடியற்காலையில் மெரினாவுக்குப் போனோம். அங்கே பாதி ரோட்டை அடைத்து வைத்திருந்தார்கள். "இங்கயே நில்லுங்க, கார நிறுத்திட்டு வந்துடறோம்" என்று எங்களை இறக்கிவிட்டு மகளும் மாப்பிள்ளையும் போனார்கள். எங்கள் இருவர் செல்போனும் காரோடு போனது.

அப்போதுதான் அந்தக் கூட்டம் வந்தது.

ஆயிரம் பேருக்கு மேல் இருக்கும். எல்லாரும் மஞ்சள் சட்டை. எல்லாரும் ஒரே பக்கமாக நடக்கிறார்கள். ஓரத்தில் மேஜை போட்டுத் தண்ணீரும் மோரும் வாழைப்பழமும் கொடுக்கிறார்கள். எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? பங்குனி மாதம், மஞ்சள் உடுப்பு, மோர்ப் பந்தல். சம்பந்தியம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வந்தது இதற்குத்தான் என்று நினைத்துவிட்டேன். என் கால்கள் என்னிடம் கேட்கவே இல்லை. செருப்பைக் கழற்றி ஒரு பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, கூட்டத்தில் இறங்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் சம்பந்தியம்மாவும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டமும் நடையுமாக வருகிறார். ஒரு பெண் எங்கள் இருவர் தலையிலும் மஞ்சள் தொப்பியைக் கவிழ்த்தாள். பிரசாதம் மாதிரி வாங்கிக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் கூட்டத்தில் யாரோ உற்சாகமாக விசில் அடித்தார்கள். எனக்கு அடக்க முடியவில்லை. "அண்ணாமலையாருக்கு!" என்று கத்திவிட்டேன். நானா கத்தினேன் என்று எனக்கே சந்தேகம். ஆனால் பின்னால் இருந்த காலேஜ் பையன்கள், "அரோகரா!" என்று பிடித்துக்கொண்டார்கள். அதன் பிறகு கலங்கரை விளக்கம் வரை அரோகராதான்.

கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் ரோட்டில் சிவப்புக் கூம்புகளை வைத்திருந்தார்கள். எல்லாரும் அதைச் சுற்றித் திரும்பி, வந்த வழியே நடந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. வலம் போகிறவர்கள் பாதியில் திரும்புவார்களா? பாவம், முடியாதவர்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"நாம முழுசாப் போயிடலாங்களா?" என்றேன். அந்த வாரத்தில் நான் அவரிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

சம்பந்தியம்மா திரும்புகிறவர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தன் வெறுங்காலைப் பார்த்தார். "போலாங்க" என்றார்.

பின்னால் ஒருவர் விசிலை ஊதிக்கொண்டே கையை ஆட்டினார். நம்மை உற்சாகப்படுத்துகிறார் என்று நானும் கையை ஆட்டினேன்.

எங்கள் ஊரில் நடந்துகொண்டே இருந்தால் புறப்பட்ட இடம் தானாக வந்துவிடும். சென்னையில் நடந்துகொண்டே இருந்தால் பாண்டிச்சேரிதான் வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சாந்தோம் போனது. மஞ்சள் சட்டைகள் போயின. மோர் போனது. வெயில் வந்தது. தார் ரோடு தோசைக்கல் மாதிரி காய ஆரம்பித்தது. சம்பந்தியம்மாவின் புடவை மடிப்பு முதல் முறையாகக் கலைந்ததை அன்றுதான் பார்த்தேன். பட்டினப்பாக்கம் பக்கம், மூடிக் கிடந்த ஒரு கடையின் படியில் அவர் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன்.

"சம்பந்தியம்மா," என்றேன் மெதுவாக, "கோயில் இன்னும் எவ்ளோ தூரங்க?"

"எந்தக் கோயிலு?"

"நாம போற கோயிலு."

"அது எனக்கு எப்டிங்க தெரியும்? நீங்கதான எதோ வேண்டுதல்னு எறங்கிப் போனீங்க!"

"நானா? இது உங்க ஊரு வழக்கம்னு இல்ல நெனச்சேன்!"

"அப்ப எதுக்குச் செருப்பக் கழட்டினீங்க?"

"கூட்டமா நடந்தா நாங்க கழட்டிடுவோங்க. நீங்க எதுக்குக் கழட்டினீங்க?"

"நீங்க கழட்டினீங்களே! அது டாக்டர் குடுத்த செருப்புங்க. வீட்டுக்குள்ளகூட வெறுங்காலோட நடக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. எனக்கு நடக்கறதே புடிக்காது!"

"அய்யய்யோ, சொல்லக் கூடாதா?"

"எப்டிங்க சொல்றது? பொண்ணக் குடுத்தவங்க நடக்கறாங்க, நான் உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. வாயிலிருந்து வந்தது வேறு. "அந்த சூப்பு உங்களுக்குப் புடிச்சுதுங்களா?"

அவர் என்னையே பார்த்தார். "த்தூ" என்றார். "நீங்க காளான் சாப்புடுவீங்கன்னு நெனச்சி சொன்னேன்."

அவ்வளவுதான். அந்த உயரமான அம்மா முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். ஷட்டர் கடகடவென்று ஆடியது. நானும் சிரித்தேன். தெருவில் போன ஒரு மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். (பார்த்தால் பார்க்கட்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றுதான்.)

சிரித்த சூட்டோடு சூடாகக் கேட்டுவிட்டேன். "வளைகாப்ப எங்க ஊர்ல வெச்சிக்கலாங்களா?"

"அதத்தாங்க நானும் ஒரு வருஷமா... சீ, ஒரு வாரமாச் சொல்லணும்னு இருக்கேன். உங்களுக்குக் கடை வேலை ஜாஸ்தி, செலவு வைக்கறோம்னு நெனப்பீங்களோன்னு பயந்துட்டிருந்தேன். எனக்கு அண்ணாமலையாரப் பாக்கணும். ஆனா ஒண்ணு, மலையச் சுத்தச் சொல்லாதீங்க!"

அப்போது ஒரு ஆம்புலன்ஸ் எங்களைத் தாண்டிப் போய், நின்று, ரிவர்ஸிலேயே திரும்பி வந்தது. உள்ளே இருந்த நர்ஸ் எங்கள் தொப்பியைப் பார்த்தார். "நம்ம நடைல வந்தவங்கதான நீங்க? மெரினாவுல நடக்கச் சொன்னா இங்க இன்னா பண்றீங்க?" என்று கேட்டு, கையைப் பிடித்து ஏற்றினார். சம்பந்தியம்மாவின் பாதத்துக்கு மருந்து போட்டார். எனக்குக் காய்த்துப் போன கால். ஒன்றும் ஆகவில்லை.

இதற்குள் மெரினாவில் மகளும் மாப்பிள்ளையும் போலீஸ் வரை போய்விட்டார்கள். பெஞ்சுக்கு அடியில் இரண்டு ஜோடிச் செருப்பும் எதிரே கடலும் இருந்தால் யாருக்குத்தான் பதறாது? நித்யா அழுதுகொண்டே அப்பாவுக்குப் போன் போட, அவர், "உங்கம்மாவா? கூட்டத்தப் பாத்துருப்பா, நடந்துருப்பா. தண்ணி குடிச்சிட்டு உக்காரு" என்று சொல்லிவிட்டு வடை சுடப் போய்விட்டாராம்.

ஆம்புலன்ஸ் நேராக மேடை பக்கம் போய் நின்றது. கதவு திறந்தது. மைக்கில் இருந்தவர் எங்களைப் பார்த்து, "உடல் ஒத்துழைக்காவிட்டாலும் மனம் தளராத நமது மூத்த வீராங்கனைகள்!" என்று முழங்கினார். ஜனம் எழுந்து கை தட்டியது. நான் திரும்ப ஆம்புலன்ஸுக்குள் ஏறப் பார்த்தேன். சம்பந்தியம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். ஆளுக்கொரு மெடல் கழுத்தில் விழுந்தது. மெடலில் முந்திரிப்பருப்பு படம். முந்திரி வியாபாரிகள் நடத்துகிறார்கள் போல என்று நினைத்தேன். அது சிறுநீரகமாம். எல்லாரும் அதற்காகத்தான் நடந்தார்களாம்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு நித்யா ஓடி வந்தாள். "அம்மா! அத்தே! யாருக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல" என்றார் சம்பந்தியம்மா, மெடலைச் சரி செய்துகொண்டே. "வளைகாப்பு அடி அண்ணாமலைல. நானும் உங்கம்மாவும் பேசிட்டோம்."

நித்யா எங்கள் காலைப் பார்த்தாள். மெடலைப் பார்த்தாள். ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தாள்.

வளைகாப்பு சொன்னபடி எங்கள் ஊரில் நடந்தது. பேத்தி பிறந்து இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அந்த மேடையில் யாரோ எங்களைப் போட்டோ எடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை அதைப் பெரிதாக்கிச் சென்னை வீட்டு ஹாலில் மாட்டிவிட்டார். கழுத்தில் மெடலோடு, தலையில் தொப்பியோடு, வெறுங்காலில் இரண்டு பொம்பளைகள். ஒருவர் நிமிர்ந்து நிற்கிறார், இன்னொருத்தி தரையைப் பார்க்கிறாள். வீட்டுக்கு வருகிற யாரும் அதைப் பார்த்துக் கேட்காமல் போவதில்லை.

"ஏங்க, இது நீங்களா? எவ்ளோ நேரத்துல முடிச்சீங்க?"

மாப்பிள்ளையும் மகளும் அடுத்து வரப்போவது தெரிந்து வாயைப் பொத்திக்கொள்வார்கள். சம்பந்தியம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொல்வார்:

"இன்னும் முடிக்கலைங்க. சம்பந்தியம்மா ஊர்லருந்து வரட்டும்னு இருக்கேன்."