மூடி திறக்காத வைத்தியர்

நம்மிடையே சத்துப் பிரசங்கி என்றோர் இனம் உண்டு. மருந்து அவர் கையில் இருந்தால் போதும், யார் வயிற்றுக்குள்ளும் போக வேண்டியதில்லை. நீங்கள் தும்மினால் அவருக்குத் தீபாவளி.

மலாயாவில் பாலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பழனியாண்டி அந்த இனத்தின் தலைமகன். ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்கார டாக்டர் ஓடிப்போக, தோட்டத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்த இவர் கையில் பெரிய கண்ணாடிப் புட்டி ஒன்று மிஞ்சியது. வைட்டமின் சி-யைப் புளிப்பில்லாத உப்பாகப் பண்ணிய வெள்ளைத் தூள். அரிசி போய், கருவாடு போய், மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு என்றான பின், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடும் இடத்திலும், கிழங்குக்கு வரிசை நிற்கும் இடத்திலும், சயாம் ரயில்பாதைக்கு ஆள் பிடிக்க வருகிறார்கள் என்று எல்லாரும் காட்டுக்குள் பதுங்கிய இடத்திலுங்கூட, அவர் புட்டியைத் தூக்கிக் காட்டி முழங்கினார்.

"ஈறு இறுகும், புண்ணு ஆறும், ரத்தம் ஊறும்! எலுமிச்சை மாதிரி வயித்தக் கடிக்காது!"

"அப்ப ஒரு சிட்டிகை குடுங்கண்ணே" என்றான் பால்வெட்டும் அம்மாசி.

"குடுத்தா தீந்துடும்லா! அப்புறம் எத வச்சி விளக்குறது?"

நியாயந்தானே?

இதற்கிடையில் அவருடைய ஈறே வீங்கி ரத்தம் கசிந்தது. முன்பற்கள் ஆடின. பல் போனால் பிரசங்கம் போச்சே என்று மனிதர் நடுங்கினார். புட்டியை மட்டும் திறக்கவில்லை. மூன்றாவது பல் கிழங்கோடு வந்த அன்றுதான் மனம் இளகி, நல்ல நேரம் பார்த்து, தோட்டத்தையே கூட்டிவைத்து, ஒரு கரண்டித் தூளை வாயில் போட்டுக்கொண்டார்.

"ஆகா! இப்பவே இறுகுது பாரு!"

மனைவி ராக்காயிதான் மெல்லச் சொன்னாள்.

"என்னங்க, அது கெழங்கு மாவு. உப்புக் கெடைக்காத அன்னிக்கு உங்க தூள நாக்குல வச்சிப் பாத்தேன், லேசாக் கரிச்சிச்சு. தெனம் பச்ச மொளகாயோட அரைச்சி லயத்துல எல்லா வீட்டுக்கும் குடுத்தேன். நீங்க தேடுவீங்கன்னு மாவ ரொப்பி வச்சேன். காரம் ஆகாதுன்னு நீங்க ஒருத்தர்தான் தொடல."

பழனியாண்டி சுற்றிலும் பார்த்தார். ஊரே சிரித்தது. அத்தனை வாயிலும் ஒரு பல் குறையவில்லை. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுத்த நொடியே முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா? நான் அப்பவே சொன்னேன்லா!"

சிரிக்கிறீர்களா? பத்துப் பேருக்கு உபதேசித்துவிட்டு நீங்கள் பிரிக்காமலே அலமாரியில் வைத்திருக்கும் புட்டிகள் எத்தனை? இன்றைக்கே ஒன்றைத் திறந்து சாப்பிடுங்கள். அதற்கு முன்னால், எதற்கும் வீட்டுக்காரியை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.