நானே எழுதிய புளுகுக்கு நானே மூட்டை கட்டியது

பொய்யனை நம்பி ஓர் ஊர் கெட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவன் வாயைத் திறப்பதற்குள் ஊர் காதைப் பொத்திக்கொள்ளும். பொய்யைப் பிடிக்கிறேன் என்று பலகை மாட்டி உட்கார்ந்திருக்கிறானே, அவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒரு பலகைக்கு நான் காரியதரிசியாக இருந்தேன். வயது இருபத்திரண்டு. எட்டாம் வகுப்பில் தேறாதவன். ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். (எனக்கு வந்த கேடெல்லாம் அந்த முத்தினால்தான்.)

யுத்த காலம் அது. எங்கள் ஊர் ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவில். ஆவடியில் ராணுவம் வந்து இறங்கியிருந்தது. பட்டாபிராம் சைடிங்கில் கூட்ஸ் வண்டிகள் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் சொல்லாமல் நின்றன. வெறும் வாயை மெல்லுகிற எங்கள் ஊருக்கு யுத்தம் மூட்டை மூட்டையாக அவல் கொண்டுவந்து கொட்டியது. காலையில் ஒரு வதந்தி, மத்தியானம் அதற்கு ஒரு மறுப்பு, சாயங்காலம் அந்த மறுப்புக்கு ஒரு வதந்தி.

இதைப் பொறுக்க முடியாமல் மாசிலாமணி அண்ணன் ஆரம்பித்ததுதான் செய்தி விசாரணைச் சங்கம். அண்ணன் பட்டணத்தில் ஓர் அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கிறவர். காலை ரயிலில் போய், பொழுது சாயும் நேரத்து ரயிலில் அன்றைய பேப்பரோடு வருவார். "ஈய எழுத்துக்கு வெக்கம் கெடயாது தம்பி, எத்தக் கோத்தாலும் நிக்கும்" என்பார். அச்சில் வந்ததெல்லாம் வேதம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அதைக் கேட்டதும் உடம்பு சிலிர்த்தது.

கோவிந்தசாமியின் காபி கிளப் வாசலில் கூடுவோம். நான் பேப்பரைப் படிப்பேன். ஒவ்வொரு செய்திக்கும் கூட்டம் மூன்று கேள்வி கேட்கும்: யார் சொன்னது, யார் பார்த்தது, எப்போது. பதில்களைப் பலகையில் எழுதுவேன். மூன்றுக்கும் பதில் இருந்தால் முழுச் செய்தி. ஒன்று குறைந்தால் அரைச் செய்தி. இரண்டு குறைந்தால் அழித்துவிடுவோம். பேப்பர் பிடித்தே பழகாத வண்டிக்காரரும் களை பறித்துவிட்டு வந்த பெண்களும் பெரிய பெரிய மந்திரிகள் பேசியதை எல்லாம் இந்த மூன்று கேள்வியில் போட்டு முறத்தில் புடைப்பதுபோலப் புடைப்பார்கள். எத்தனை பதர் பறந்தது என்கிறீர்கள்! இன்றைக்கும் அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

சனிக்கிழமைகளில் ஒரு பயிற்சி உண்டு. காரியதரிசி தானே இட்டுக்கட்டிய ஒரு பொய்ச் செய்தியைப் பலகையில் எழுத வேண்டும். அதில் ஓர் ஓட்டை வைக்க வேண்டும். கூட்டம் ஓட்டையைக் கண்டுபிடித்ததும் எல்லோர் முன்னிலும் அழித்துவிட வேண்டும். இதற்குச் சனிக்கிழமைப் புளுகு என்று பெயர். (ஊரில் சங்கத்துக்கே புளுகு சங்கம் என்றுதான் பெயர்.) அண்ணன் போட்ட சட்டம் இரண்டே இரண்டு. ஆள் இல்லாதபோது புளுகை எழுதக் கூடாது. எழுதியதை அழிக்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது எப்போதும் செங்கேணிதான். கீரை விற்கிறவள். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. காலிக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். ஒருமுறை, பருத்திப்பட்டுத் தோட்டம் ஒன்றில் சோல்ஜர்கள் ஐம்பது பூசணிக்காய் வாங்கினார்கள் என்று எழுதினேன். "அந்தத் தோட்டத்துல பூசணி பூ உட்டே எட்டு நாளுதான் ஆவுது நைனா" என்றாள். அவ்வளவுதான், நான் துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தேன். வாராவாரம் இப்படித் துடைத்துத் துடைத்து எனக்கு ரோஷம் வந்துவிட்டது. செங்கேணியே திணறும்படி ஒரு புளுகு எழுதாவிட்டால் நான் காரியதரிசி இல்லை என்று முடிவு செய்தேன்.

அரிசி மிஷினில் எனக்கு வேலை. மிஷினுக்கு பெல்ட் வாங்கச் சனிக்கிழமை என்னைப் பட்டணத்துக்கு அனுப்புவதாக இருந்தார்கள். திரும்பி வந்து அவசரத்தில் எழுதினால் முத்து முத்தாக வராதே என்று, வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கலைந்த பிறகு தனியாக நின்று எழுதினேன்:

"பட்டாபிராம் சைடிங்கில் உள்ள வெடிமருந்து வண்டி ஒன்று சனிக்கிழமை இரவு பரீட்சைக்காக வெடிக்கவைக்கப்படும். மூன்று மைல் சுற்றளவில் யாரும் இருக்கக் கூடாது. யார் சொன்னது: தாசில்தார். யார் பார்த்தது: உத்தரவைத் தலையாரி பார்த்தார். எப்போது: போன ஞாயிற்றுக்கிழமை, தாலுகா கச்சேரியில் கையெழுத்தானது."

ஞாயிற்றுக்கிழமை கச்சேரி மூடியிருக்கும். அதுதான் ஓட்டை. நாலு அடி தள்ளி நின்று என் கைவண்ணத்தை ரசித்தேன். பிறகு பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை விடிந்ததும் நான் ரயில் ஏறிவிட்டேன். கோவிந்தசாமி கடை வாசலைக் கூட்டினார். பலகை முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, பையன் மறந்துவிட்டான் போலிருக்கிறது என்று முகத்தைத் திருப்பி வைத்தார். அவர் செய்தது அவ்வளவே.

மத்தியானம் பெல்ட்டோடு திரும்பி வந்துகொண்டிருந்தேன். அம்பத்தூரில் ஒரு வெற்றிலை வியாபாரி வேர்த்து விறுவிறுத்து ஏறினார். ஆவடியில் இருக்கும் தன் மனைவியை அழைத்துவரப் போகிறாராம். என்ன விஷயம் என்று கேட்டேன். சைடிங்கில் பதினொரு வண்டி வெடிமருந்து நிற்கிறதாம். ஜப்பான்காரனுக்குத் துப்புக் கிடைத்துவிட்டதாம். பொழுது சாய்வதற்குள் ஆகாய விமானம் வருமாம். தாசில்தார் குடும்பமே காஞ்சிபுரம் போய்விட்டதாம்.

நான் சும்மா நம்பிவிடுவேனா? காரியதரிசி அல்லவா. நிமிர்ந்து உட்கார்ந்து முறைப்படி விசாரித்தேன்.

"யாரு சொன்னது?"

"கலெக்டரு."

"பாத்தது யாரு?"

"தாசில்தாரு ஊட்டுச் சமையல்காரன். பொட்டி கட்டினதே அவன்தான்."

"எப்போ?"

"இன்னிக்குக் காலைல, ஏழரைக்கு."

சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து இவ்வளவு சுத்தமாக மூன்று கேள்வியையும் தாண்டிய செய்தியை நான் பார்த்ததே இல்லை. என்ன அழகு, என்ன கட்டுக்கோப்பு! அது நான் பெற்ற பிள்ளை என்று எனக்கு ஒரு துளிகூடத் தோன்றவில்லை. காலையில் தவழவிட்டுப் போன குழந்தை மத்தியானம் மீசையோடு எதிரே வந்தால் பெற்றவனுக்கே எப்படி அடையாளம் தெரியும்?

ஸ்டேஷனில் இறங்கி ஓடினேன். அம்மாவிடம் பன்னிரண்டு வண்டி என்று சொன்னேன். (பதினொன்று என்றால் அம்மா அசையமாட்டாள் என்று பட்டது. ஒவ்வொருவரும் இப்படி ஒன்று சேர்த்துத்தான் அது பதினொன்று ஆகியிருக்கும் என்று பிற்பாடுதான் உறைத்தது.) துணிமணியை மூட்டை கட்டினேன். கைக்குக் கிடைத்த இன்னொரு பொருளைத் தோளில் தூக்கிக்கொண்டு அம்மாவோடு வெளியே வந்தேன். அது அம்மிக் குழவி. அம்மி வீட்டிலேயே இருந்தது. குண்டு விழப்போகிற ஊரில் அம்மியை விட்டுவிட்டுக் குழவியைக் காப்பாற்றியவன் இந்த ராஜதானியிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பூந்தமல்லிக்குப் போகும் பாதையில் மாட்டு வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. முன்னே கிளம்பியவை கண்ணுக்குத் தெரியாத தூரம் போய்விட்டன. அந்த வரிசையில் எதிர்த் திசையில் வந்துகொண்டிருந்தாள் செங்கேணி. அவள் பின்னால் எட்டுப் பத்துப் பேர்.

அவள் மகள் முனியம்மாவுக்கு அன்று காலையிலிருந்தே இடுப்பு வலி. வண்டியில் ஏற்றினால் பாதையிலேயே பிரசவம் ஆகிவிடும், தலைப்பிரசவம், அப்புறம் இரண்டு உயிருக்கும் நான் பொறுப்பில்லை என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ஏற்றாமல் விட்டால் குண்டு. செங்கேணி அழவில்லை. மகளை மருத்துவச்சியிடம் விட்டுவிட்டு, முதல் வண்டிக்காரனிடம் போய் உனக்கு யார் சொன்னது என்று கேட்டிருக்கிறாள். அவன் பால்காரரைக் காட்ட, வா வந்து காட்டு என்று அவனையும் இழுத்துக்கொண்டு பால்காரரிடம் போயிருக்கிறாள். பால்காரர் வண்ணாரைக் காட்டினார், வண்ணார் தபால்காரரை. ஒவ்வொருவரிடமும் எத்தனை வண்டி என்றும் கேட்டிருக்கிறாள். பதினொன்று எட்டாகி, எட்டு ஐந்தாகி, ஐந்து இரண்டாகிக்கொண்டே வந்ததாம். கடைசியில் வண்டி வரிசையில் நின்ற கோவிந்தசாமி. அவர் கையைக் கட்டிக்கொண்டு, "எனக்கு யாரும் சொல்லல. சங்கத்துப் பலகையிலயே எழுதிக்கீது" என்றிருக்கிறார். அந்தப் பலகையைப் பார்க்கத்தான் அவள் திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

என்னைக் கண்டதும் செங்கேணியின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

"நைனா, நல்ல வேளைக்கு வந்த. எனுக்குப் படிக்கத் தெரியாது, இவங்க படிச்சா எனுக்கு நம்பிக்கை இல்ல. நீ வந்து படி. நீ நெசம்னு சொன்னா எம்பொண்ண வண்டில ஏத்துறேன்."

குழவியோடு பலகை முன் போய் நின்றேன். பின்னால் பாதி ஊர். தொண்டையைச் செருமிக்கொண்டு, பேப்பர் படிக்கிற அதே ராகத்தில் ஆரம்பித்தேன். முதல் வரியில், யார் எழுதினார்களோ, கையெழுத்து பிரமாதம் என்று நினைத்தேன். இரண்டாவது வரியில் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. 'ஞாயிற்றுக்கிழமை' என்ற இடத்துக்கு வந்ததும் படிப்பு நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றாள் செங்கேணி. பிறகு அவளே யோசித்தாள். "ஞாயித்துக்கெழம கச்சேரி ஏது? பூட்டியில்ல இருக்கும்." என் முகத்தைப் பார்த்தாள். "யாரு எழுதுனது?"

"நான்தான்."

"எப்போ?"

"நேத்து."

"யாரு பாத்தது?"

"யாரும் பாக்கல. சனிக்கிழமைப் புளுகு."

செங்கேணி முந்தானையால் பலகையைத் துடைத்தாள். "இம்மாம் நல்லா எழுதினியே, ஒரு ஓரத்துல பொய்யினு எழுதக் கூடாதா நைனா" என்று சொல்லிவிட்டு, வீட்டைப் பார்த்து ஓடினாள். பிறகுதான் மற்றவர்களுக்கு வாய் வந்தது. அந்த வார்த்தைகளைப் பேப்பரில் போட முடியாது.

முன்னே போன வண்டிகளைத் திருப்புவது என் தலையில் விழுந்தது. ஓடினேன். (குழவியை இறக்கி வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.) பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வண்டிகளைப் பிடித்து, அது பொய், நான்தான் எழுதினேன் என்று கத்தினேன். வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்திவிட்டு என்னையே விசாரித்தார்கள். பொய் என்று யார் சொன்னது, யார் பார்த்தது, எப்போது. சங்கத்தில் நான் எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"தாசில்தாரு சொல்றத நம்புறதா, குழவிக்கல்லத் தூக்கிக்கினு ஓடியாற உன்ன நம்புறதா?" என்றார் ஒருவர்.

"ஞாயித்துக்கிழமை கச்சேரி கிடையாதுங்க."

"யுத்த காலத்துல ஞாயிறு ஏது அண்ணாத்தே" என்று இன்னொருவர் என் ஓட்டையைச் சுலபமாக அடைத்துவிட்டார்.

நான் தலையில் அடித்துக்கொண்டு நிற்கும்போது சைக்கிளில் கோவிந்தசாமி வந்தார். செங்கேணி வீட்டை விட்டுக் கிளம்பவில்லை, மகளை வண்டியில் ஏற்றவும் இல்லை என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் முதல் வண்டி திரும்பியது. "செங்கேணி கெளம்பலன்னா பொய்தான்யா" என்றார் அந்த வண்டிக்காரர். என் முத்து எழுத்து ஓர் ஊரையே கிளப்பியது. எழுத்தே தெரியாத ஒருத்தி தன் வீட்டில் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து அந்த ஊரைத் திருப்பிவிட்டாள். நான் ஏரிக்கரையில் வாய் பிளந்து நின்று, வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்புவதைப் பார்த்தேன்.

பொழுது இறங்குவதற்குள் முனியம்மாவுக்குப் பெண் குழந்தை. ரயிலில் வந்து இறங்கிய அண்ணன் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, என் பதவியைப் பிடுங்கவில்லை. பலகையில் இந்தச் செய்தியை எழுது என்று மட்டும் சொன்னார். சாக்பீஸை எடுத்தேன். செங்கேணி கையைப் பிடித்துத் தடுத்தாள். "நீ பாத்தியா?" என்றாள். இல்லை என்றேன். வீட்டுக்கு அழைத்துப்போய், துணியில் சுற்றிய குழந்தையைக் காட்டினாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஊர்க் கலவரத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோலத் தூங்கியது. திரும்பி வந்து எழுதினேன். யார் சொன்னது: செங்கேணி. யார் பார்த்தது: நான். எப்போது: இன்று. நான்கு நாள் அதை யாரும் அழிக்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் வளர்ந்து, நாட்டுக்குச் சுதந்திரமும் வந்து எவ்வளவோ காலமாயிற்று. வீட்டில் நான் எதையாவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால் போதும், "எத்தனை வண்டி?" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். துவையல் அரைக்கும்போது அந்தக் குழவியை என் மனைவி ஒருமுறை பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள்.

அன்றைக்குப் பிறந்த பெண் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். போன மாதம் அவர்களை அழைத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். பிள்ளைகளிடம் என்னைக் காட்டி, "நான் பொறந்ததப் பலகைல எழுதுன தாத்தா இவருதான்" என்றாள். நான் பெருமையோடு நிமிர்ந்தேன். "அது மட்டும் நெசம்" என்றாள்.